கொள்ளி வைக்காதவன்

ஒரு மனிதனின் வாக்கை நான் திரித்தேன். தெரிந்தே திரித்தேன்!

மலேசியாவில், பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு அறையில் அமர்ந்து, தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ஐரோப்பிய நாடொன்றில் தஞ்சம் கேட்கும் தமிழர்கள் சொல்வதை அங்குள்ள அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது... அதுதான் தொழில்.

அன்று பேசியவன் இலங்கைத் தமிழன், கிறிஸ்தவனாக மாறியவன். ஊரைவிட்டு ஏன் வந்தாய் என்று அதிகாரி கேட்டாள்.

"அப்பாவுக்குக் கொள்ளி வைக்க என்ர விசுவாசம் விடேல்ல அக்கா. சுடலைக்கு வெளிய நிண்டு அழுதனான். வேதத்துக்கு மாறினவன் இனி இஞ்ச இருக்கக் கூடாதெண்டு சனம் அடிச்சு, வீட்டையும் கொளுத்திப் போட்டுது."

கொள்ளி! கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் தம்பியும் மதம் மாறியவன்தான். அம்மா இறந்தபோது, "முடியாதுலா அக்கா... என்னை விட்டுருங்க" என்று ஒதுங்கி நின்றான். பாசிர் கூடாங் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்த என் கணவர்தான் கொள்ளி வைத்தார். பெற்ற மகன் குத்துக்கல்லாக நிற்க, மருமகன்! உறவினர் முன்னால் நான் கூனிக் குறுகிப் போனேன். அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினேன்.

"தந்தையின் இறுதிச் சடங்கில் குடும்பத் தகராறு. அடித்துவிட்டார்கள்." அதிகாரியிடம் இவ்வளவுதான் சொன்னேன். விசுவாசத்தை விட்டேன். வீடு எரிந்ததை விட்டேன். அவன் அழுததையும்...

வாய் தவறிவிட்டது என்று உங்களிடம் சொல்லலாமா? அழைப்பு முடியும்வரை திருத்த நேரம் இருந்ததே! நன்றாக வேண்டும் அவனுக்கு என்று நினைத்தேன். சொல்லவே கூசுகிறது.

சில மாதங்கள் கழித்து, முடிவை அவனுக்குச் சொல்லவும் என்னையே அழைத்தார்கள். நடந்தது குடும்பத் தகராறு. மதத்தின் பேரால் நடந்த கொடுமை அல்ல. அவன் நாடு திரும்ப வேண்டும். நான் சொன்ன பொய்யை நானே அவனுக்குத் தமிழில் சொன்னேன்.

அவன் என்னிடம் கேட்டான்.

"நான் சொன்னதெல்லாம் அப்பிடியே சொன்னனீங்கள்தானே அக்கா?"

என்ன கேட்கிறார் என்றாள் அதிகாரி.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் எனக்கு வாய்த்திருக்குமா? அப்போதும் என் வேலை போய்விடுமே என்றுதான் பயந்தேன்!

நன்றி சொல்கிறார் என்றேன் அவளிடம். "சொன்னேன் தம்பி" என்றேன் அவனிடம்.

"அப்ப நீங்கள் என்ன செய்வியள் அக்கா... கவலைப்படாதேங்கோ" என்று அவன் என்னைத் தேற்றினான்.