முகத்தில் ஏறிய வெளுப்பு

லோகேஸ்வரியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, அவள் தங்கை ஷீலாவைக் கேட்டார்கள். மலேசியாவின் சுங்கை லாலாங்கில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில், அவள் தட்டோடு நிற்கும்போதே கேட்டார்கள்.

“மூத்தவ நல்ல பொண்ணுதான். ஆனா எங்க பையனும் கருப்பு. ரெண்டு பேரும் கருப்பா இருந்தா, பொறக்குற புள்ளைங்க கதி என்னாவுறது? சின்னவள தர்றீங்களா?”

அம்மா பிரேமாவதி முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் வந்தவர்கள் மேல் வரவேண்டிய கோபம் மகள் மேல் திரும்பியது. “வெயில்ல மோட்டார் சைக்கிள்ல போகாதேன்னு எத்தன வாட்டி சொன்னேன்?”

லோகேஸ்வரிக்கு அப்போது இருபத்தாறு வயது. சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வெயிலால் வந்த கருப்பு இல்லை, பிறந்தபோதே வந்தது என்று அம்மாவுக்கும் தெரியும்.

கைப்பேசி நேரலையில் அழகுச் சாமான் விற்கும் ஒருத்தியிடமிருந்து அம்மா ஒரு கிரீம் டப்பா வாங்கினாள். அதன் மேல் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை. லோகேஸ்வரி பூசிய சில வாரங்களிலேயே அவள் முகம் வெளுத்தது. கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே நின்றதால் அங்கேயும் பூசினாள். கோயிலில் அதுவரை அவளைத் தாண்டிப் போய் ஷீலாவிடம் பேசிய பெண்கள், இப்போது அவளை நிறுத்தி நலம் விசாரித்தார்கள்.

செமிலிங்கிலிருந்து குணாளன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை டயர் கடையில் வேலை பார்க்கும் சாதுவான ஆள். அன்றே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணமாகியும் அவள் பூசுவதை நிறுத்தவில்லை, நிறுத்தப் பயம். ஒரு நாள் காலை எழுந்தபோது கண்ணிமைகள் வீங்கியிருந்தன. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் மலாயில் சொன்னதை யோகேஸ்வரி என்ற தாதி தமிழில் சொன்னார்.

“கிரீம்ல பாதரசம் இருக்குதும்மா. ஒன் கிட்னிய அடிச்சிருச்சு. இனிமே அதத் தொடாத. இப்போதைக்குக் கொழந்தையும் வேணாம்.”

திரும்பும் வழியில் குணாளன் கார் ஓட்டிக்கொண்டு வந்தான். சாலையைப் பார்த்தபடியே கேட்டான்: “வேற நல்ல பிராண்டா ஏதும் இல்லயா?”

கிரீமை விட்டதும் நிறம் திரும்பி வந்தது. முன்னைவிட அடர்ந்து, கன்னங்களில் திட்டுத்திட்டாக வந்தது. மாமியார் மருதம்மாள் கூடத்தில் உட்கார்ந்து, அவள் காதில் விழும்படி சொன்னாள்: “சொந்தக்காரங்க கேட்டா நான் என்னா லா சொல்றது? நாம பார்த்த பொண்ணு வேற, வீட்டுக்கு வந்த பொண்ணு வேற.”

குணாளன் மறுத்துப் பேசவில்லை. அவளை அடிக்கவோ விரட்டவோ இல்லை. விசேஷங்களுக்குத் தனியாகப் போகத் தொடங்கினான். மனைவிக்கு ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டான். அவன் கைப்பேசியில் இன்னும் கல்யாணப் படம்தான் இருக்கிறது.

அவள் அழுதுகொண்டே அம்மாவைக் கூப்பிட்டபோது அம்மாவும் அழுதாள். கடைசியில், “கல்யாணம் முடியிற வரைக்குமாவது அந்தக் கிரீம் நம்மள கைவிடல,” என்றாள். லோகேஸ்வரி அழைப்பைத் துண்டித்தாள். அதன் பிறகு தீபாவளிக்குக்கூட அம்மா வீட்டுக்குப் போகவில்லை.

மருந்து தொடர்கிறது. வீக்கம் குறைந்திருக்கிறது, சிறுநீரகம் முழுதாகத் தேறுமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது தாதி யோகேஸ்வரி ஆற்றாமையோடு கேட்டார்: “இப்படி ஆகும்னு முன்னமே தெரிஞ்சிருந்தா பூசியிருப்பியாம்மா?”

இரத்தம் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை லோகேஸ்வரி அழுத்திக்கொண்டிருந்தாள்.

“பூசியிருக்க மாட்டேன்னு சொல்லணும்னுதான் ஆச, அக்கா. ஆனா அந்தக் கொஞ்ச நாள்தான் ஆளுங்க என் மூஞ்சியப் பார்த்துப் பேசுனாங்க.”

யோகேஸ்வரி அவள் தோளில் கை வைத்தார். வெளியே குணாளன் காரை நிறுத்தி, கீழே இறங்காமல் ஹாரன் அடித்தான்.