குழாய்க் கப்பலுக்கு ஒரு தொப்பை

தாராவிச் சந்தில் வழி கேட்ட என்னைத் தையல் கடைக்காரி செல்வக்கனி உள்ளே இழுத்துக்கொண்டு போகிறார். நாடு விட்டு நாடு கடலுக்கடியில் எரிவாயுக் குழாய் பதிக்கும் கப்பல் ஆட்களுக்கான ஆரஞ்சு உடுப்புகள் மதியத்துக்குள் போயாக வேண்டும். ஒருமுறை தையல் விட்டுத் திரும்பி வந்த சரக்கு. பெரிய அளவைச் சோதிக்க என் அளவுக்குத் தொப்பை அங்கே யாருக்கும் இல்லை. அதில் ஒன்றை என் பேன்ட்டுக்கு மேலேயே மாட்டிவிடுகிறார்கள்.

“அண்ணாச்சி, ஏணியில ஏறுங்க. எறங்குங்க. இப்பம் நல்லாக் குத்தவச்சு உக்காருங்க, பயப்படாதிய!”

தையல் மெஷின்கள் எல்லாம் நிற்கின்றன. உட்காருகிறேன்.

டர்ர்ர்!

செல்வக்கனி முகம் வெளுத்து, டார்ச் அடித்தபடி என்னைச் சுற்றி வருகிறார். “ஒரு நூலு விடல! பக்கா! அப்பம் கிழிஞ்சது என்னது?”

கடலுக்கடியில் குழாய் பதிப்பவர்கள் தப்பித்தார்கள். கிழிந்தது உள்ளே இருக்கும் என் பேன்ட்.