டிஷ்யூ பேப்பரும் நாய்க் காலும்

காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகு மழை வலுத்தது. ஒதுங்க இடமில்லை. அன்று காலைவரை இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில், பாய் போடுமளவு. கார்த்திகை மழை முடியும்வரை அந்த இடத்தை விடக்கூடாது என்று இருந்தேன். அதற்காகத்தான் அந்த வீட்டு நாயைக் கொள்ளிடக் கரைக்கு நடத்திக்கொண்டு போய், திரும்பியதும் கால் கழுவிவிடும் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

லாப்ரடார். மூளையைத் தவிர எல்லாம் பெரிதாக வாய்த்த பிராணி. சேறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் காலை வைக்கும். கேட்டுக்குள் வந்ததும் ஒவ்வொரு காலாக வாளியில் முக்கி, விரலிடுக்கில் சேறு எடுத்து, பழைய வேட்டித் துணியால் துவட்டவேண்டும். பின்னங்காலைக் கொடுக்காது, உதைக்கும். பிறகு வீட்டம்மா வருவார். டிஷ்யூ பேப்பரை அதன் பாதத்தில் ஒற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மங்கலாகக் கறை தெரிந்தாலும் மறுபடி வாளி. அடகுக்கடைக்காரர்கூட நகையை அப்படிப் பார்க்கமாட்டார்.

அன்று நாய் அந்தச் சோதனையில் தேறி, கூடத்து ஓரத்தில் தூங்கவும் ஆரம்பித்திருந்தது. நான் வெளியே வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அலறல்.

"ஏம்ப்பா, பூஜை ரூம் வரைக்கும் சேறு! நாயை என்னத்தக் கழுவின?"

போய்ப் பார்த்தேன். வாசல் கோலத்தை மிதித்துத் தொடங்கி பூஜை அறைவரை தடம். ஒவ்வொன்றிலும் குதிகாலும் பெருவிரலும் அச்சாக இருந்தன.

"நாய்க்கு இவ்ளோ பெரிய பெருவிரல் கிடையாதுங்கம்மா."

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. கோயிலுக்குச் செருப்பில்லாமல் போய்வருகிறவர். சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கணுக்கால்வரை சேறு. அம்மா அதைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அது பெருமாளைச் சேவிச்சுட்டு வந்த கால். அதையும் இதையும் ஒண்ணாப் பேசுவியா?"

"கோயில்ல கல்லுதானேங்க போட்டிருக்கு? இது தெருமுனைச் சாக்கடை."

"வாய் ரொம்ப நீளுது. போய் நாயை மறுபடி கழுவு. அதுக்குத்தானே இடம் குடுத்திருக்கோம்."

அவர் பேப்பரை இறக்காமலே ஒரு காலை நீட்டினார். "வாளி இருக்கில்ல? அப்படியே இதுலயும் கொஞ்சம் ஊத்திடு."

நாய் கண்ணைத் திறந்து, தன் விஷயமில்லை என்று மூடிக்கொண்டது. அதற்காவது கழுவ வந்தவனை உதைக்கும் மானம் இருந்தது. டிஷ்யூ பெட்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன்.

"முதல்ல ஒத்திப் பாருங்கம்மா. எவ்ளோ கழுவணும்னு தெரியட்டும்."

"வெளியே போடா" என்றார் வீட்டுக்காரர். அப்போதுதான் பேப்பர் இறங்கியது. பாயை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை ஜீயபுரம் பக்கம், வாழைத்தார் ஏற்றும் லாரிகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு சக்கரம். கழுவி முடித்ததும் லாரி நேரே தோப்புச் சேற்றில் இறங்கியது. யாரும் எதையும் ஒற்றிப் பார்க்கவில்லை. மழையில்லாத நாளில் தார்ப்பாய்க்கு மேலே படுக்கலாம், மழை நாளில் அதற்கு அடியில் என்றார்கள்.