கோச் என்னை அம்மா என்றார்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்ட அந்த வெள்ளைக்கார கோச், என்னைப் பார்த்து "அம்மா" என்றார். ஏதோ மருந்தின் பெயரைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "யுவர் சன் இஸ் மை சன், அம்மா. எனி டைம், கால் மீ."

அப்போது என் மகனுக்கு டெக்சாஸில், எங்கள் ஊர் பேர்லேண்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். அமெரிக்கன் ஃபுட்பாலில் அவன் ரன்னிங் பேக். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலே வந்து விழுகிறவர்களை உதறிவிட்டு ஓட வேண்டும். நம் வீட்டுப் பையன் ஒருவன் இப்படி ஓடுவான் என்று யாரும் நினைக்கவில்லை, நான் உள்பட. எங்கெங்கிருந்தோ கல்லூரிகள் தங்கள் டீமுக்கு அவனைக் கேட்டுப் போட்டி போட்டன; கோச்சுகள் வீடு தேடி வந்தார்கள். எங்கள் ஊர் மீனாட்சி கோயிலில் ஒரு ஆன்ட்டி மட்டும், "அதெல்லாம் சரி, மெடிசினுக்கு எப்ப அப்ளை பண்றான்?" என்றார். அவரோடு நான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அவன் இந்த கோச்சின் கல்லூரியில் போய்ச் சேர்ந்தான்.

முதல் வருஷம் பிரமாதமாக ஓடினான். இரண்டாம் வருஷம் முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து அவன் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தபோதே, கோச் இதைவிடப் பெரிய கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் தனக்கு வேண்டிய பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் மகனிடம், வேறு இடம் பார்த்துக்கொள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் போர்ட்டல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கல்லூரி மாற வேண்டிய ஆட்டக்காரர்கள் அதில் பெயரைக் கொடுத்துவிட்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். மேட்ரிமோனியில் ஜாதகத்தைப் போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற கதைதான். காலில் அடிபட்ட மாப்பிள்ளையை யார் கேட்பார்கள்? மகன் வீட்டுக்கு வந்து, போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் படுத்தே கிடந்தான். யாரும் கூப்பிடவில்லை என்றால் அவனுடைய ஆட்டம் இருபது வயதிலேயே முடிந்தது. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்தப் பெரிய கல்லூரியில் இவனுக்கு ஓர் ஓரமாவது கிடைக்காதா?

ஒரு மத்தியானம் கராஜில் காருக்குள் உட்கார்ந்து, முதல் முறையாக அந்தப் பழைய கோச்சைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"ஹலோ, ஹூ இஸ் திஸ்?"

என் பெயரை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டேன். "கோச், அம்மா" என்றேன்.

"சாரி, மேம். ராங் நம்பர். தேர் இஸ் நோ அம்மா ஹியர்."

நான் மகன் பெயரைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அந்த மனுஷனைத் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டினேன், ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

கார்க் கதவு திறந்தது. காலை நீட்டி, வலியோடு மகன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். வீட்டுக்குள் எல்லாம் கேட்டிருக்கிறது.

"மாம், ஹி டஸ் தட் இன் எவ்ரி ஹவுஸ்," என்றான். "இன் எ மெக்சிகன் ஹவுஸ், இட்ஸ் மமா."

என்ன கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பிள்ளை, என் போனை வாங்கி அந்த நம்பரைப் பார்த்தான்.

"நானும் கால் பண்ணேன்மா. டெய்லி பண்ணேன். உனக்காவது எடுத்தாரு."