எட்டேகாலுக்கு வைத்த பானை

சாப்பாட்டு இடைவேளைக்கு மேலே வரும்போதெல்லாம் மடிப்பக்கா முதலில் தரையைத்தான் பார்ப்பாள். கையில் டப்பா இருக்கும், பசி வயிற்றைக் கிள்ளும், ஆனாலும் பின்வாசல் படியில் நின்று தன் நிழல் விழுகிறதா என்று ஒரு பார்வை. விழுந்தால் அங்கேயே சுவரோரம் நின்று சாப்பிடுவாள். விழாவிட்டால் திரும்பிக் கீழே இறங்கிவிடுவாள். பதினான்கு வருடமாக இதுதான் வழக்கம். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அவள் வேலை செய்வது, ஊரைவிட்டு வந்து குடியேறிய குளிர்நாட்டில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில். அங்கே ஜன்னல் கிடையாது. குளிர்காலத்தில் இருட்டோடு உள்ளே போய் இருட்டோடு வெளியே வர வேண்டும். கூடத்தை ஒரு கண்ணாடித் தடுப்பு இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பக்கம் அழுக்குப் பக்கம். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் துணியைக் கறை பார்த்துப் பிரித்து இயந்திரத்தில் போடுவார்கள். உதறும்போது மூக்குக் கண்ணாடி விழும், ஸ்பூன் விழும், ஒரு தடவை ஒரு முழுப் பல்செட்டே விழுந்தது. ஊசி இருந்துவிட்டால்தான் ஆபத்து. மறுபக்கம் சுத்தப் பக்கம். துவைத்து வரும் விரிப்புகளைச் சூடான உருளையில் கொடுத்து வாங்கி மடிக்கும் இடம். அங்கே வெதுவெதுப்பாக இருக்கும், சூடு பட்ட பருத்தி வாசனை வரும்.

எட்டு வருடம் அழுக்குப் பக்கத்தில் நின்றவள் ஆறு வருடத்துக்கு முன்புதான் சுத்தப் பக்கம் வந்தாள். வந்த வேகத்தில் பெயரும் வந்தது. ஒரு விரிப்பை எதிரில் நிற்பவளோடு சேர்ந்து நாலே அசைவில், ஓரம் ஓரத்தோடு ஒட்ட மடித்து அடுக்குவாள். மடிப்பக்கா என்று முதலில் கூப்பிட்டது கிழிசல் தைக்கும் தையக்கா. பிறகு எல்லோருக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது.

அந்த வருடம் வீட்டில் எதுவும் சரியில்லை. பஸ் ஓட்டும் கணவர் பணிமனையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு நாலு மாதமாகப் படுக்கையில் இருந்தார். அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, மருந்து கொடுத்துவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். லீவு எல்லாம் அதிலேயே கரைந்துபோனது. போன மாதம் இரண்டு நாள் தாமதம் வேறு. சூப்பர்வைசர் சுவரில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். மூன்றாவது தடவை தாமதமாக வருபவர் அழுக்குப் பக்கத்துக்கு மாற்றப்படுவார்.

வீட்டில் இன்னொருவர் கணவரின் அக்கா. மடிப்பக்காவுக்கு அண்ணி. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவர். பண்டிகை விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். தை முதல் நாள் பானை எப்போது ஏற வேண்டும், மஞ்சள் கொத்தை எந்தப் பக்கம் பார்த்துக் கட்ட வேண்டும், பால் எந்தத் திசையில் வழிய வேண்டும் என்பதெல்லாம் அவர் நாக்கில் இருந்தது. பால் கிழக்கே வழிந்தால் வருடம் நன்றாக இருக்கும் என்பார். அந்த வீட்டுச் சமையலறையின் தரை கொஞ்சம் சாய்வு. எத்தனை வருடம் வைத்தாலும் பால் மேற்கே சுவர்ப்பக்கம்தான் வழிந்தது. ஒரு வருடம் கணவர் அடுப்புக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துப் பார்த்தார். பால் நேராக அவர் காலில் வழிந்தது.

"உனக்குத்தான்டா நல்ல வருஷம்" என்றார் அண்ணி.

நேரம் காலண்டரில் இருக்கும். கணவரின் தம்பி ஊரிலிருந்து வருடா வருடம் அனுப்பும் தினக் காலண்டர். பொங்கல் வைக்க நல்ல நேரம் காலை ஆறரை முதல் ஏழரை என்று போட்டிருந்தால், இங்கே ஆறரைக்குப் பானை ஏறும். பொங்கி வரும்போது மூவரும் "பொங்கலோ பொங்கல்" என்பார்கள், அதுவும் கிசுகிசுப்பாக. பக்கத்து வீட்டுச் சுவர் காகிதம் மாதிரி, இரண்டு தடவை புகார் வந்திருக்கிறது. பிறகு ஜன்னல் பக்கம் கும்பிட்டுவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டு, ஏழரை வேலைக்கு ஓடுவாள். வேலைக்குச் சேருவதற்கு முன்பும் பானைக்கு அதே நேரம்தான். இருபது வருடம் இப்படிப் போயிற்று.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது தையக்கா கிழிந்த விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். அவள் வீட்டில் அந்தப் பண்டிகை கிடையாது.

"அது என்ன பண்டிகை? மாசம் பொறக்குறதுக்கா, அறுப்புக்கா?"

"ரெண்டுக்கும்தான். வெளஞ்சு வந்த புது அரிசிய, சூரியனுக்கு எதிர்ல பொங்க வச்சு, அவருக்குக் காட்டிட்டுச் சாப்புடுறது."

"எத்தன மணிக்கு?"

"ஆறரைக்கு. காலண்டர்ல போட்டுருக்கும்."

தையக்கா ஊசியை நிறுத்தினாள். "ஆறரைக்கா? நான் ஏழு மணிக்குக் குப்பை கொட்டப் போறப்பவே கும்மிருட்டா இருக்கு. ஆறரைக்கு எந்தச் சூரியன்?"

மடிப்பக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"காலண்டர் எங்க அடிச்சது?"

"ஊர்ல."

"ஊர்ல ஆறரைக்கு வந்துடுவாரு. இங்க எட்டேகால் ஆகும். அப்ப இருபது வருஷமா நீ ட்யூப்லைட்டுக்குத்தான் பொங்கல் வச்சிருக்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மடிப்பக்காவும் சிரித்தாள். ஆனால் அன்று மடித்த விரிப்புகளில் இரண்டு கோணலாகப் போயின. அடுக்குகளை வார்டுக்கு அனுப்புகிறவள் திருப்பிக் கொடுத்தாள். அப்படி நடந்ததே இல்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் படுத்தபடியே குலுங்கிச் சிரித்து, பிறகு கால் வலியில் முனகினார். "அவரு தூங்கிட்டு இருக்கறப்ப வாசல்ல நின்னு கும்புட்டுட்டு வந்துருக்கோம். அதான் நம்ம பக்கமே திரும்பிப் பாக்கல போல."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. "அச்சடிச்சு வந்த நேரத்த மாத்த நாம யாரு?"

"அண்ணி, நேரம் தப்பில்ல. அது அங்க உள்ள நேரம்."

"இத்தன நாள் தெரியாம போச்சா உனக்கு?"

"உங்களுக்கும்தான் தெரியல அண்ணி."

இருபது வருடத்தில் அவள் அண்ணியிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொன்ன பிறகு அவளுக்கே காது சூடாகிவிட்டது. அண்ணி எழுந்து போய் ஊருக்குப் போன் போட்டார். அங்கே சூரியன் எத்தனை மணிக்கு வருகிறான் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் காலை காப்பியை ஆற்றிக்கொண்டே, "அப்ப எட்டேகாலுக்கு வச்சுக்க. நான் சொன்னேன்னு ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

எட்டேகாலுக்கு வைக்க வேண்டுமானால் ஏழரைக்கு வேலையில் இருக்க முடியாது. அவள் சூப்பர்வைசரிடம் போய் ஒன்றரை மணி நேரம் கேட்டாள். வருடத்துக்கு ஒரு நாள்தான் என்றும், வேண்டுமானால் சாயங்காலம் நின்று ஈடுகட்டுவதாகவும் சொன்னாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. தாளைக் காட்டினார். "உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு முப்பது பேர் வந்து நிப்பாங்கம்மா. எனக்கும் மேல ஆள் இருக்கு."

கணவர் ஒரு வழி சொன்னார். "அக்கா, இந்த வருஷம் நீயே வையேன். இவ வேலைக்குப் போகட்டும்."

அண்ணி தலையை ஆட்டினார். புருஷன் போன பிறகு அவர் பானையில் கை வைத்ததில்லை. தள்ளி நின்று சொல்வாரே தவிரத் தொட மாட்டார். வற்புறுத்தினால் அழுதுவிடுவார் என்று இருவருக்கும் தெரியும். அதனால் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பத்து நாளும் மடிப்பக்கா அழுக்குப் பக்கத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே மடித்தாள். அந்தக் குளிரும், இரண்டு சோப்பு போட்டாலும் போகாத வாடையும் அவளுக்குப் புதிது இல்லை. எட்டு வருடம் பட்டதுதான். போனால் திரும்பி வருவது லேசில்லை என்பதும் தெரியும். இருபது வருடம் இருட்டில் வைத்தாயிற்று, இருபத்தொன்றாவது வருடமும் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனால் தெரிந்த பிறகு ட்யூப்லைட்டைப் பார்த்துக் கும்பிட அவள் கை எழாது. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

அன்று காலை ஏழரைக்கு அவள் வீட்டில் இருந்தாள். கதவுக்கு வெளியே சின்னதாகச் சாக்பீஸ் கோலம். பானைக் கழுத்தில் கடையில் வாங்கிய மஞ்சள் கொத்து. கணவரை நாற்காலியோடு ஜன்னலோரம் நகர்த்தினாள். மின்சார அடுப்பு மெதுவாகத்தான் சூடாகும், அதனால் எட்டுக்கே ஏற்றச் சொன்னார் அண்ணி. அவள் கேட்கவில்லை. ஜன்னல் வெளுக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எட்டேகாலுக்குத்தான் பானை ஏறியது.

எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வானம். முதலில் சாம்பல் நிறம். பிறகு கட்டட விளிம்பில் வெளிச்சம் கசிந்தது. பால் ஓரத்தில் நுரை கட்டியபோது, அந்த முழ இடத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெளுப்பாக ஒரு சூரியன் வந்து நின்றான். கண் கூசக்கூட இல்லை. சூடும் இல்லை. இதுவா என்றுதான் தோன்றியது. பால் எழும்பி மேற்கே சுவர்ப்பக்கம் வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்" என்றார் அண்ணி, தள்ளி நின்று, கிசுகிசுப்பாக.

மடிப்பக்கா கை கூப்பினாள். இருபது வருடமாகச் சேர்த்து வைத்தது எவ்வளவோ இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆளைக் கேட்பது போல, "வந்துட்டியா" என்றாள்.

"அவரும் டூட்டிக்கு லேட்டு" என்றார் கணவர்.

மூவரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடிப்பக்கா இலைக்குப் பதில் தட்டில் ஒரு கரண்டி வைத்து ஜன்னலுக்குக் காட்டி, கணவருக்கு ஊட்டிவிட்டு, தானும் நின்றபடியே ஒரு வாய் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். சலவைக்கூடத்துக்குள் நுழைந்தபோது ஒன்பதரை. சூப்பர்வைசர் அழுக்குப் பக்கத்துப் பச்சை அங்கியை எடுத்து நீட்டினார். அவளும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையக்கா ஊசியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. மடிப்பக்கா அழுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். இரண்டு ஜோடி கையுறை போடுகிறாள், அப்படியும் வாடை போவதில்லை. அவள் இடத்தில் ஒரு புதுப்பெண் மடிக்கிறாள், மோசமில்லை. கணவர் கைத்தடியோடு மாடிப்படி இறங்குகிறார். வேலைக்குப் போகலாமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அடுத்த தைக்கு மார்ச் மாதமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். கிடைக்குமா என்று தெரியாது.