அரை டேங்க் டீசல்

நைனாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அதற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம் என்று ராயபுரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். இரண்டு வருஷமாக அவர் என் தம்பி வீட்டுப் படியேறவில்லை. பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் நான் மட்டும் திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிறேன். அவர் என்னை ஏற்றிவிட்டு, நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நடந்தது என்ன என்று நானும் அவர்களில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். காசிமேட்டில் நாற்பது வருஷம் விசைப்படகு ஓட்டினார். எங்கள் பக்கம் பெண்களைப் படகில் ஏற்ற மாட்டார்கள். மீன் விற்கலாம், கருவாடு காயவைக்கலாம், ஏலத்தில் ஆம்பளைகளோடு சண்டை போடலாம். கடலுக்கு மட்டும் போகக்கூடாது. கல்யாணம் ஆகும்வரை என் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார் நைனா. கரைக்காரன், நேரத்துக்கு வீட்டுக்கு வருவான் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கரைக்காரன்தான் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனான். தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது அவருக்கு வேலை போனது. அந்தமானில் சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், புருஷன் பெண்டாட்டியாக இரண்டு பேர் வேண்டும், படகிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆள் தேடினார். விருந்தாளிகளோடு வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாராம். மற்ற நாளெல்லாம் படகு எங்கள் பொறுப்பு. அவருடைய பழைய ஆள் ஒருவர் மூன்று மாதம் கூடவே இருந்து, பாய் ஏற்ற, இறக்க, சுக்கான் பிடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் கற்றுக்கொடுத்தார். எனக்குச் சீக்கிரம் வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் லேட்டாக வந்தது. அதை நான் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன்.

நைனா இதைக் கேட்டுச் சிரித்தார். "நாப்பது வருஷம் நான் கடல்ல கெடந்தேன், நீ வூட்டுல இருந்த. இப்போ நீ போ. நான் வூட்டுல குந்திகினு கீறேன்."

படகில் குடியிருப்பது என்றால் ஊரில் எல்லோருக்கும் சொர்க்கம் மாதிரி தோன்றுகிறது. சொர்க்கத்தில் கக்கூஸ் பம்ப்பைக் கழற்றிக் கழுவுவது யார் என்று அவர்கள் கேட்பதில்லை. முப்பத்திரண்டு அடி நீளம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். நல்ல தண்ணீரைக் குவளையால் அளந்துதான் செலவு செய்வோம். காற்று இருந்தால் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவோம். பொழுது சாய்வதற்குள் நங்கூரம் போட்டுவிடுவோம், பவளப்பாறை இருக்கிற இடத்தில் இருட்டில் ஓட்டக்கூடாது. துணி துவைத்துக் கம்பியில் காயப்போட்டால் உப்புப் பூத்து அட்டை மாதிரி விறைத்துப்போகும். தண்ணீர் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். இரண்டு மாதத்தில் அதுவும் பழகிவிட்டது.

ஒரு தடவை ஊருக்கு வந்தபோது நைனா மாப்பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, வஞ்சிரம் தின்றபடி கடல் சட்டம் சொல்லிக்கொடுத்தார்.

"கடல்ல கீறவன்கிட்ட சாவு சேதி சொல்லக்கூடாது மாப்ள. சொன்னா அவன் கை அவன் பேச்ச கேக்காது. வலையில மாட்டிக்கும். வாக்கிடாக்கியில சேதி வந்திச்சா, வாய மூடிகினு அவன்கிட்ட கீற வேலய வாங்கிக்க. போய் படுடான்னு சொல்லு. ஐஸ் தீந்துபோச்சுன்னு சொல்லி போட்ட திருப்பு. நங்கூரம் போட்டப்பறம் தோள புடிச்சிச் சொல்லு."

"அவனுக்குத் தெரியாதா நைனா?" என்று கேட்டேன்.

"வேலய வாங்கிட்டாலே தெரிஞ்சிடும். ஆனா எவனும் கேக்க மாட்டான்."

"ஏன்?"

"கேட்டா சொல்லணும்ல," என்று சொல்லிவிட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு சின்னத் தீவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். போன் டவர் கரையில்தான் எடுக்கும். காய்கறி வாங்க அவர் மட்டும் ரப்பர் படகில் போனார். திரும்பி வரும்போது ஒரு முழுப் பூசணிக்காயும் இரண்டு தேங்காயும் கொண்டுவந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு காலையில போர்ட் பிளேர் பக்கம் கெளம்பலாம்மே," என்றார்.

"இன்னும் நாலு நாள் இங்க இருக்கலாம்னு சொன்ன?"

"டீசல் தீந்துபோச்சு. வாங்கணும்."

தேங்காய்களை வாங்கி உள்ளே வைத்தேன். முந்தைய நாள் டேங்க்கில் குச்சியை விட்டு அளந்தவள் நான். பாதிக்கு மேல் இருந்தது.

புதன்கிழமை காலையில் நங்கூரம் தூக்கினோம். சுக்கான் எப்போதும் என் கையில்தான் இருக்கும். அன்று அவர் பிடித்துக்கொண்டார். பாய்க் கயிற்றைப் பிடிக்கப் போனேன். "நீ உக்காரு," என்றார். சரி, மதியச் சாப்பாட்டுக்குப் பூண்டு உரிக்கலாம் என்று கத்தியை எடுத்தேன். அதையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் பூண்டு உரிக்காதவர்.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரரின் அக்கா பெரம்பூரில் இருக்கிறார். அந்த அக்காவுக்கு ஏதாவது என்றால் வேலையை விட்டுப் படுக்க வேண்டியவர் இவர். அதனால் சாவு என் பிறந்த வீட்டில்தான். நைனா, இல்லையென்றால் தம்பி. தம்பியாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். நினைத்ததுமே நைனாவை நானே பிடித்துத் தள்ளிய மாதிரி இருந்தது. எழுந்து உள்ளே போய், யாரும் சொல்லாமலே படுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கெல்லாம் காற்று நின்றுபோனது. பாய் தொங்கியது. படகு தொட்டித் தண்ணீரில் விட்ட கிண்ணம் மாதிரி இருந்த இடத்திலேயே நின்றது. அவருக்கு எஞ்சினைப் போட வேண்டும் என்று கை பரபரத்திருக்கும். போட முடியவில்லை. டீசல் இல்லை என்று சொல்லிவிட்டாரே. நைனாவும் பொய்தான் சொல்வார், ஆனால் ஐஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு எஞ்சினை முழு வேகத்தில் விரட்டுவார். பாவம், கரைக்காரன். பொய்யைக் கற்றுக்கொண்டார், எந்தப் பொய் என்பதை விட்டுவிட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அன்று மதியம் எங்களுக்கு உண்மையிலேயே பூசணிக்காய்க் குழம்புதான். அவர் வைத்தது. உப்பு இல்லை. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

"காத்து வரும்," என்றார் அவர்.

"வரும்," என்றேன்.

டீசல் இருக்குது, போடுய்யா. இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் புதன்கிழமை சாயங்காலம் போர்ட் பிளேர் வந்திருப்போம். வியாழன் காலை விமானம், மதியத்துக்குள் ராயபுரம். அன்று இந்தக் கணக்கு முழுவதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, படுத்தபடி நேரம்கூடப் பார்த்தேன். ஆனால் வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி கிடந்தேன். அழுகை வரவில்லை. ஐஸ் பெட்டியில் கையை விட்டு வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் அது நம் கை இல்லாமல் போய்விடுமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. நான் கேட்காதவரைக்கும் நைனா வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை அங்கேயே விட்டு வைத்தேன்.

வியாழக்கிழமையும் காற்று அரைகுறைதான். வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். நங்கூரம் மண்ணைப் பிடித்ததும் அவர் வந்து என் தோளைப் பிடித்தார். நைனா சொன்னது போலவே, இரண்டு கையாலும்.

"மாமா போய்ட்டாரு. செவ்வாக்கெழம காலையில."

"ம்," என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, கம்பியில் காய்ந்த துணிகளை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ராயபுரத்தில் போய் இறங்கியபோது பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கூடத்தில் குளிர்பெட்டி நின்ற இடத்தில் தண்ணீர் கசிந்த கறை இன்னும் போகவில்லை.

"ரெண்டு நாள் வெச்சிருந்தோம்க்கா," என்றான் தம்பி. "போன் போட்டுகினே இருந்தேன், போவல. வியாழக்கெழம சாயங்காலம் பெரியவங்க இதுக்கு மேல வேணாம்னு எடுத்துட்டாங்க. நேத்து பாலும் ஊத்தியாச்சு." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான். "செவ்வாக்கெழமயே உன்கிட்ட சொன்னேன்ல மாமா. எஞ்சின் கீற போட்டுல நாலு நாளா இன்னா பண்ணிகினு இருந்த? எங்கக்காவ மொகம் பாக்க வுடாம பண்ணிட்டியே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்டா," என்றார்.

நான் தரையில் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாறாம் நாள் வரை வந்தவர்கள் எல்லோரும் அவரைத் திட்டினார்கள், நான் அவர்களுக்கு டீ கொடுத்தேன்.

அதோடு படகு வேலையை விட்டுவிட்டோம். திருவொற்றியூரில் ஒரு எஞ்சின் பட்டறையில் சேர்ந்தார். நானும் ஏதோ சமைத்தேன், தூங்கினேன். நைனா செத்ததற்கு நான் இன்றுவரை சரியாக அழவில்லை. எனக்கே என்மேல் எரிச்சலாக வரும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி மகளுக்கு நிச்சயம். நான் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு, "நீ போய்ட்டு வா. நான் வந்தா அவனுக்கு நைனா நெனப்பு வந்துடும்," என்றார்.

அந்தச் செருப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. "எனக்குத் தெரியும்யா," என்றேன். "போட்டுல என் கைலேந்து பூண்டுக் கத்திய வாங்குனியே, அப்பவே தெரியும். டேங்க்ல பாதி டீசல் இருந்ததும் தெரியும். போடுன்னு நான்தான் சொல்லல. சொன்னா நைனா செத்துடுவாருன்னு படுத்துகினேன்."

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாகத் தான் சுமந்த பழியை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"உன் தம்பிகிட்ட சொல்லாதமே," என்றார். "என்ன திட்டிகினு போறான், பரவால்ல. உன்ன திட்டுனா உனக்கு போறதுக்கு வேற வூடு இல்ல."

அன்று நான் தனியாகத்தான் நிச்சயத்துக்குப் போனேன். பந்தியில் தம்பி என் பக்கத்தில் நின்று அப்பளம் போட்டான். சொல்லவில்லை. ஆனால் திரும்பி வருகிற வழியில், ஷேர் ஆட்டோவில் நாலு பேருக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பூசணிக்காய்க் குழம்பில் உப்பே இல்லை என்பது நினைவுக்கு வந்து, திருவொற்றியூர் வரும்வரை அழுதேன். பக்கத்திலிருந்த அம்மா இன்னா ஆச்சு என்று கேட்டார். அப்பா செத்துட்டாரு என்றேன். எப்போ என்று கேட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு என்றேன்.

நாளைக்குத் தம்பிக்குக் கடலுக்குப் போகிற நாள் இல்லை, வீட்டில்தான் இருப்பான். டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்று சொல்ல, இவரையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.