விரல் மடக்கிச் சொன்ன நியாயம்

கள்ளக்குறிச்சிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வெள்ளை மீசை, மெல்லிய குரல். கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட்டுக்கிணற்றில் தன் முறை வரும் நாளெல்லாம் தம்பி மோட்டார் போட்டு, இவருடைய கரும்பைக் காயவிட்டதைச் சொன்னார். ஒவ்வொரு நியாயத்துக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை.

“இப்ப தண்ணி வுடறாருங்களா?” என்று தயங்கிக் கேட்டேன்.

“‘என் முறையையும் நீயே எடுத்துக்கண்ணா’ன்னு கால்ல வுழுந்துட்டான்.”

“அப்புறம் இன்னாத்துக்குங்க கேஸு?”

சிரித்தார். “கோவத்துல வெட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்ங்க. நியாயம்னா, அவன் சாவுற வரிக்கும் கேட்டுக்கினே இருக்கலாம்.”

நியாயம் பேசக் கற்ற பிறகுதான் மனிதன் ஆயுதத்தைக் கீழே போட்டான் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அவரும் வெட்டவில்லைதான்.